'முருகா'வில் தொடங்கிய பாடம்

எங்கள் கோவிலின் பக்கத்து அறையில் ஒரு தகர அலமாரி இருக்கிறது. அதற்குள் காவடிப் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் அச்சடித்த சிறு புத்தகங்கள் அடுக்கிக் கிடக்கும். விரதம் எடுப்பவர்கள் பத்து நாளும் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். ராகம் பிசகாது, தாளம் பிசகாது. ஆனால் 'மலை'யும் 'மழை'யும் 'மாலை'யும் அந்தப் புத்தகத்தில் ஒரே சொல்தான்.

மொரீசியசில் எங்களுக்கு வீட்டு மொழி, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழ் என்பது தொடக்கப் பள்ளியில் படித்த பாடம், கோவிலில் கேட்கும் ஒலி, சமையலறையில் மிஞ்சிய சில சொற்கள். ரசத்தை 'ராசோன்' என்கிறோம்; பீர்க்கங்காய் 'பிபாங்காய்' ஆகிவிட்டது; முருங்கைக்கீரை 'பிரேத் முரூம்'. நான் 22 ஆண்டுகளாக அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியும். 2025 தைப்பூசத்தன்று, வாழையிலையில் ஏழு கறிச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டது வேறு: "மிஸ், அடுத்த காவடிக்கு இதைத் தமிழிலேயே பார்த்துப் படிக்க முடியுமா?" அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். போர்ட் லூயிசில் வேலை, காத்ர் போர்னில் வீடு. மாலை வகுப்பு என்றால் வர மாட்டார். மெட்ரோவில் போகும்போது கைப்பேசியைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவரைப்போல் முப்பது பேர் பெயர் கொடுத்தார்கள். 2026 தைப்பூசம் பிப்ரவரி 1. விரதம் அதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடும். பின்னோக்கி எண்ணினால் பன்னிரண்டு வாரப் பாடம் அக்டோபர் கடைசியில் தொடங்க வேண்டும். ஆகஸ்டில் உட்கார்ந்தேன். துணைக்கு என் அண்ணன் மகன். எபேனில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். "ஏஐயிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முழுப் பாடமும் கிடைத்துவிடும், அத்தை" என்றான்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாள் கேட்டது இவ்வளவுதான்: பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து கற்பிக்கப் பன்னிரண்டு வார இணையப் பாடத்திட்டம் வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. வாரம்தோறும் கற்றல் நோக்கங்கள், செயல்பாடுகள், மதிப்பீடு, கடைசியில் சான்றிதழ். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முதல் வாரம் உயிரெழுத்து பன்னிரண்டு, இரண்டாம் வாரம் மெய் பதினெட்டு, பிறகு உயிர்மெய் வரிசை வரிசையாக. அ என்றால் அணில். என் வகுப்பில் அணிலை நேரில் பார்த்தவர் எவருமில்லை. எட்டாம் வாரம் 'சந்தையில் பேரம் பேசுதல்'. எங்கள் சந்தையில் தமிழில் பேரம் பேசினால் கத்தரிக்காய் கிடைக்காது.

அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. யாருக்கோ சரியாக இருக்கும். என் முப்பது பேரில் ஒருவருக்கும் பொருந்தாது. அவர்களுக்குப் பேச்சுத் தமிழ் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பிப்ரவரி 1 அன்று கையில் இருக்கும் தாளில் பத்துப் பாடல்களைப் படிக்க வேண்டும். அவ்வளவே. இதைச் சொல்லாமல் பாடம் கேட்டது என் தப்பு.

எனவே தலைகீழாகத் திருப்பினேன். கோவில் பாடல்களில் பத்தைத் தமிழில் தட்டச்சு செய்து (இதற்கே ஒரு வாரம் போயிற்று), 'இந்தப் பத்துப் பாடல்களைப் படிக்க எந்தெந்த எழுத்து எத்தனை முறை வேண்டும்?' என்று கேட்டேன். உடனே ஓர் அட்டவணை வந்தது. நம்பும்படியாகவும் இருந்தது. சந்தேகத்துக்காக ஒரே ஒரு பாடலில் 'வே'யை விரலால் எண்ணினேன். கருவி சொன்னது வேறு, என் விரல் சொன்னது வேறு. மறுபடி கேட்டால் மூன்றாவதாக ஓர் எண் வந்தது. இந்த உரையாடல் கருவிகள் எண்ணுவதில்லை. எண்ணினால் என்ன வருமோ அதைப்போல ஒன்றை எழுதுகின்றன. அண்ணன் மகன் சிரித்துவிட்டு, "எண்ணச் சொல்லாதீர்கள், எண்ணும் நிரலை எழுதச் சொல்லுங்கள்" என்றான். இந்த ஒரு வரிக்காகவே அவனுக்கு ஒரு தட்டு புட்டு செய்துகொடுத்தேன்.

பைத்தான் என்ற கணினி மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி நிரல் வந்தது. ஓட்டினோம். அதிகமாக வரும் எழுத்து எது தெரியுமா? புள்ளி. எழுத்து எதுவுமில்லாத வெறும் புள்ளி. இரண்டாமிடத்தில் உகரக் கொக்கி, மூன்றாவதாக 'க'. கணினிகள் எழுத்துகளைக் குறித்துவைக்கும் பொது முறையான யூனிகோடில் 'மு' என்பது ஓர் எழுத்தல்ல. 'ம' ஒரு குறியீடு, அதன்பின் உகரக் குறி இன்னொரு குறியீடு. 'க்' என்பதும் அப்படியே இரண்டு. நிரல் நேர்மையாகக் குறியீடுகளை எண்ணியிருக்கிறது. நாம்தான் எழுத்து என்று நினைத்துக்கொண்டோம். 'மெய்யெழுத்தோடு அதன்பின் வரும் குறிகளையும் சேர்த்து ஒன்றாக எண்ணு' என்று திருத்தச் சொன்னபிறகு உருப்படியான பட்டியல் கிடைத்தது.

அந்தப் பட்டியல்தான் பாடத்தையே கட்டியது. தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்தப் பத்துப் பாடல்களில் அவற்றில் பாதிகூட வரவில்லை. ஙகர வரிசையில் 'ங்' மட்டும். ஞகரத்தில் 'ஞ்', 'ஞா' இரண்டுதான். ஔகாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 22 ஆண்டுகளாக ஙகரத்தையும் ஙாவையும் ஙியையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதவைத்த நான், அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் பாடம் மூன்றே எழுத்து: மு, ரு, கா. இரண்டாம் பாடம் வே, ல், லா. மூன்றாம் பாடம் அ, ரோ, க, ரா. பாடம் ஒன்றுக்குப் பத்து நிமிடம். மூன்று பாடத்தில் 'முருகா', 'வேலா', 'அரோகரா'. அதாவது, குழந்தைப் பருவத்திலிருந்தே வாய் அறிந்த மூன்று சொற்களைக் கண்ணும் அறிந்துகொண்டது. சொல் முன்பே தெரிந்திருப்பதால் எழுத்தை ஊகிக்கிறார்கள், ஊகம் சரியாகிறது, துணிச்சல் வருகிறது.

ஆனால் பட்டியலை அப்படியே பின்பற்றியிருந்தால் இரண்டாம் பாடத்திலேயே எல்லாரும் கவிழ்ந்திருப்பார்கள். பிரெஞ்சு எழுத்து பழகிய கண் இடமிருந்து வலமாக ஒலியை அடுக்கும். 'வே'யில் ஏகாரக் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பரிசோதனைக்கு என் பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னபோது, 'வேல்' என்பதை 'ஏவல்' என்று படித்தாள். அடுத்த பாடத்தில் 'ரோ' இரண்டு பக்கமும் கைபோட்டுக்கொண்டு நிற்கிறது. எண்ணிக்கைப் பட்டியலுக்கு இதெல்லாம் தெரியாது. எனவே இரண்டாம் பாடத்தின் பாதி நேரத்தைக் கொம்புக்கே கொடுத்தேன்: ஒரு காகிதத்தில் 'வ' எழுதி, அதன்பின் கொம்பை இடப்பக்கம் வரைவதைக் காணொளியாக எடுத்தேன். கருவிகளின் உதவி ஏதுமில்லை. மேசையின் இரு ஓரமும் புத்தகம் அடுக்கி, நடுவில் அளவுகோலைப் பாலமாக வைத்து, அதன்மேல் கைப்பேசி.

உகரத்திலும் இதே கதைதான். எழுத்தின் வடிவத்தை விளக்கும் வரிகளை ஏஐயை எழுதச் சொல்லியிருந்தேன். 'உகரம் சேரும்போது எழுத்தின் கீழே வலப்பக்கம் ஒரு கொக்கி வரும்' என்று ஒரே விதி எழுதிக் கொடுத்தது. 'மு'வையும் 'பு'வையும் 'து'வையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒன்று சுழிக்கிறது, ஒன்று நேராகக் கீழே இறங்குகிறது, ஒன்று வலப்பக்கம் வால் நீட்டுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம்; சு, பு, யு, வு இன்னொன்று; ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. நல்லவேளை, முருகனின் மு, ரு இரண்டும் ஒரே குடும்பம். விதியை நான் திருத்தி எழுதிக் கொடுத்தபிறகு, குடும்பவாரியாகப் பயிற்சிச் சொற்கள் எடுத்துத் தரும் வேலையை அது நன்றாகவே செய்தது. சொற்களை இந்தப் பத்துப் பாடல்களிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்று கட்டிப்போட்டேன். கட்டிப்போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று: ல, ள, ழ வேறுபாட்டுக்குச் சொல் கேட்டபோது 'வலி, வளி, வழி' என்று அழகாகத் தொடங்கி, 'மிளகு, மிலகு, மிழகு' என்று போய், 'மிழகு: ஒரு வகை நீர்ப்பறவை' என்று பொருளும் எழுதியது. அந்தப் பறவையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து விளக்க மொழி. பாடத்தின் அறிவுறுத்தல்களைத் தமிழில் எழுத முடியாது. தமிழ் படிக்கத்தானே வருகிறார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மனத்தோடு பேசுவது கிரியோல்தான். கிரியோலில் எழுதச் சொன்னேன். படிக்கத் தொடங்கிய அண்ணன் மகன் நாற்காலியிலிருந்து விழாத குறை. 'நான்' என்பதற்கு 'மோ' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ம்வேன்'. வீட்டுக்கு 'லகாஸ்' என்போம், அங்கே 'லகாய்'. எழுதியது எங்கள் கிரியோலில் அல்ல, கடல் கடந்து கரீபியனில் இருக்கும் ஹைட்டியின் கிரியோலில்! ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசும் மொழி அது. இணையத்தில் அதன் எழுத்து அதிகம், எங்கள் தீவின் எழுத்து குறைவு. கருவி எது நிறைய இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறது. மொரீசியஸ் கிரியோல் என்று அழுத்திச் சொன்னால் நான்கு வரி சரியாக வரும், ஐந்தாவது வரியில் மறுபடி ஹைட்டிக்குக் கப்பல் ஏறிவிடும்.

இதற்குக் கண்ட வழி: 2012 முதல் எங்கள் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் பாடம் இருக்கிறது, அந்த எழுத்துமுறையில் நானே முப்பது அறிவுறுத்தல் வாக்கியங்களை எழுதினேன். 'கேளுங்கள்', 'விரலால் வரையுங்கள்', 'திரும்பச் சொல்லுங்கள்' என்பதுபோல. இந்த முப்பதைத் தவிர வேறு வாக்கியம் வரக்கூடாது என்று விதித்தேன். அதன்பிறகு ஹைட்டி தலைகாட்டவில்லை. முப்பது வாக்கியத்தில் ஒரு பாடத்தையே நடத்திவிட முடியும் என்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், பயிற்சிக் காலத்தில் எத்தனை தாள் மிச்சமாகியிருக்கும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எதையும் பயன்படுத்தவில்லை. படம் வரையும் கருவியிடம் 'மு' எழுத்தைப் பெரிதாக எழுதிய பலகை கேட்டேன். தமிழ்போலத் தோன்றும், ஆனால் எந்த எழுத்தும் இல்லாத சுழிகள் வந்தன. எழுத்து கற்பிக்கும் பாடத்தில் இது விஷம். காவடி கேட்டால் உலோக வளைவும் மயிலிறகுமாக வேறு நாட்டுக் காவடி. எங்கள் காவடியில் மரச்சட்டம், ஓலை, பூ, இரு முனையிலும் பால் செம்பு. தூக்குபவர் உடுத்துவது பளிச்சென்ற ரோஜா நிறம். கோவிலில் பலர் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களை, முகம் தெரியாதபடி வெட்டிப் பயன்படுத்தினேன்.

நான்காம் வாரம்தான் எனக்குப் பிடித்த பாடம். அதில் எல்லாரும் தங்கள் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதுகிறார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். ஒருவர் பெயர் அப்படியே வம்சத்தின் பெயராகிவிட்டது. ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார், முத்துக்கருப்பன் 'முத்துகர்பென்' ஆனார். அடையாள அட்டையில் இருக்கும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் எந்தத் தமிழ்ப் பெயர் என்று பலருக்குத் தெரியாது. இதற்கு ஏஐயை வேறு விதமாகக் கேட்டேன்: ஒரு பெயருக்கு மூன்று ஊகம் கொடு, ஒவ்வொன்றுக்கும் எந்த ஒலி எப்படி மாறியது என்று காரணம் சொல். ஒரே விடை கேட்டால் அடித்துச் சொல்லும்; மூன்று கேட்டால் தயங்கும். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும். (பெயரை மட்டும்தான் கொடுத்தேன். இங்கே 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் யாருடைய அட்டை எண்ணையும் முன்பின் தெரியாத கணினிக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.)

'வலேடன்' என்ற பெயருக்கு முதல் ஊகம் 'வல்லையன்', இரண்டாவது 'வாலாதன்'. மூன்றாவதாக, கடைசியில் போனால் போகிறது என்பதுபோல, 'வேலாயுதன்'. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுக்கிறார்கள். தங்கள் பெயரிலேயே வேல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அன்று அந்த மாணவி வாட்ஸ்அப்பில் தன் கையெழுத்தில் 'வேலாயுதன்' எழுதி அனுப்பினாள். கொம்பு சரியான பக்கத்தில் இருந்தது.

'பைனியாண்டி' என்ற பெயருக்கு மூன்று ஊகமும் தப்பு. இதை நானே கண்டுபிடித்தேன்: பழனியாண்டி. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லும் சென்னைப் பக்கத்துப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். கப்பலேறியவர் 'பயனியாண்டி' என்றே சொல்லியிருப்பார். எழுத்தர் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறார். இந்த யகரம் பிறகு ஒலிப்பதிவில் மறுபடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

எழுத்தைக் காட்டினால் போதாது, ஒலி வேண்டும். மைக்ரோசாஃப்டின் பேச்சுச் சேவையில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாட்டுக் குரல்கள் இருக்கின்றன. இந்தியக் குரல்களுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று பெயர். எழுத்துப் பயிற்சிக்கு இவை பொன்னானவை. இருநூறு சிறு ஒலித்துண்டுகளை ஒரு மாலையில் எடுத்துவிட்டோம்; ல, ள, ழ மூன்றும் கண்ணாடிபோல் தெளிவு. ஆனால் பாட்டை இந்தக் குரல்கள் செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கின்றன. 'அரோகரா' என்பதை வானிலை அறிக்கைத் தொனியில் கேட்டால் யாருக்கு விரதம் எடுக்கத் தோன்றும்?

எனவே பாடல்களுக்கு எங்கள் கோவிலில் ஐம்பது ஆண்டாகப் பாடும் பாட்டியை உட்காரவைத்தேன். பதிவு அறை அந்தத் தகர அலமாரி அறைதான். சுவர் எதிரொலிக்குக் கோவில் சமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். முதல் பாட்டின் நடுவில் மணி அடித்தது, இரண்டாம் பாட்டில் பக்கத்து வீட்டுச் சேவல். இரைச்சலை நீக்கும் ஏஐ கருவி ஒன்றில் பதிவைப் போட்டேன். சேவல் போயிற்று, கூடவே பாட்டியின் குரலில் இருந்த நடுக்கமும் கமகமும் போய், யாரோ முப்பது வயதுப் பெண் பாடுவதுபோல் ஆயிற்று. பாட்டியிடம் போட்டுக் காட்டினேன். "இது யார்?" என்றார். சேவலோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிக்கல் அதோடு முடியவில்லை. பாடலின் எழுத்தையும் ஒலியையும் ஒத்துப்பார்த்து, எந்த நொடியில் எந்தச் சொல் என்று குறிக்கும் வேலையை ஏஐயிடம் கொடுத்தேன். ஒலிக்கும்போதே சொல் வண்ணம் மாற வேண்டும் என்பது திட்டம். குறித்துத் தந்தது, கூடவே, கேட்காமலே ஒரு பட்டியலும் தந்தது: 'பாடகரின் உச்சரிப்புப் பிழைகள்'. அதில் முதல் பிழை 'பழனி'. பாட்டி 'பயனி' என்று பாடுகிறார்.

என்ன செய்வது? எழுத்துப் பயிற்சியில் வள்ளுவர் குரல் 'ழ' என்று நாக்கை மடக்கச் சொல்கிறது, பாட்டில் பாட்டி யகரம் சொல்கிறார். மாணவர் குழம்புவார்கள் என்று அண்ணன் மகன் சொன்னான். பாட்டியைத் திருத்திப் பாடச் சொல்வதா? என் வாய்க்கு அந்தத் துணிவு வரவில்லை. அவர் ஒலிப்பது பிழை அல்ல. பைனியாண்டி குடும்பத்தின் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த அதே ஒலி. இரண்டையும் வைத்தேன். பதினோராம் பாடத்தில் இரண்டு பொத்தான்கள்: ஒன்றை அழுத்தினால் 'பழனி', மற்றதை அழுத்தினால் 'பயனி'. கீழே கிரியோலில் ஒரு வரி: எழுதும்போது ழ, பாடும்போது உங்கள் வீட்டு வழக்கம். என் மேலதிகாரி எவராவது இதைப் படித்தால் முகம் சுளிப்பார். இது பள்ளிப் பாடம் அல்ல என்பதுதான் என் பதில்.

வினாக்களுக்கு வருவோம். பாடங்களை மூடுல் என்ற இணையப் பாட மேடையில் ஏற்றினோம். 2002இல் வெளிவந்தது, இலவசம், திறந்த மூலம். வினாக்களை எளிய உரைக்கோப்பாக எழுதி மொத்தமாக ஏற்றும் வசதி அதில் உண்டு. அந்தக் கோப்பை எழுதித் தருவதில் ஏஐ கெட்டிக்காரன். ஒரு பாடத்துக்கு இருபது வினா, தவறான விடைகளுக்கான சிறு குறிப்புகளோடு. இந்த வேலையைக் கையால் செய்திருந்தால் இன்னொரு தைப்பூசம் ஆகியிருக்கும். ஒன்பதாம் பாடம் வரை பெரிய சேதம் இல்லை.

ஒன்பதாம் பாடம் தமிழ் எண்கள். காவடிப் பாட்டுக்கும் எண்ணுக்கும் தொடர்பில்லை. ஆனால் எங்கள் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கிறபோது, பையில் இருக்கும் பாடப்புத்தகத்தை எப்படி விடுவது? 1998இல் வந்த புதிய தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்த பிறகு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். அந்தக் கொதிப்பில் ஊர்வலம் போனவர்கள் சிலர் இந்த முப்பது பேரிலும் இருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமலேயே அதற்காக நடந்தவர்கள். எனவே பாடம் இப்படித் தொடங்குகிறது: பையிலிருந்து ஓர் இருநூறு ரூபாய்த் தாளை எடுங்கள். அதில் ௨ எங்கே இருக்கிறது?

மாலை ஆறு மணிக்குப் பாடம் வெளியானது. ஏழு மணிக்குள் ஐந்து புகார். ஒருவர் திரையைப் படமெடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "மிஸ், நான் உ என்று எழுதினேன். தவறு என்கிறது. சரியான விடை உ என்கிறது." படத்தைப் பார்த்தேன். உண்மைதான். இரண்டும் உ.

இரண்டும் உ அல்ல. தமிழ் எண் இரண்டு, உகரத்தைப்போலவே இருக்கும்; ஒன்று ககரத்தைப்போல, ஏழு எகரத்தைப்போல, எட்டு அகரத்தைப்போல. நம் கண்ணுக்கு ஒன்று. யூனிகோடில் எண்ணுக்குத் தனி இடம், எழுத்துக்குத் தனி இடம். கைப்பேசி விசைப்பலகையில் தமிழ் எண் எளிதில் கண்ணில் படாது. கிடைத்த எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, ஏஐ எழுதிய விடைகளைத் தோண்டிப் பார்த்தபோது அதுவும் குழம்பியிருந்தது: சில வினாவில் விடை எண், சில வினாவில் எழுத்து. ஒழுங்காகத் தமிழ் எண்ணைத் தேடி எடுத்துத் தட்டிய ஒரே மாணவர் ஏழுக்கும் எட்டுக்கும் தவறு வாங்கியிருந்தார். அவருக்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

பழுதுபார்த்தது இரவு பதினொன்று வரை. ஒவ்வொரு வினாவுக்கும் எண், எழுத்து இரண்டையும் சரியான விடையாகச் சேர்த்தோம். ஆறை 'சு' என்றும் ஐந்தை 'ரு' என்றும் தட்டியவர்களுக்கும் இடம் கொடுத்தோம். பாதி வினாக்களைத் தட்டச்சே வேண்டாத, பொருத்தும் வினாக்களாக மாற்றினோம். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: எந்த வினாக்கோப்பையும் ஏற்றுமுன், அதில் எத்தனை வகைக் குறியீடு இருக்கிறது என்று பழைய எண்ணும் நிரலில் ஓட்டிப் பார்ப்போம். ஒரு விடையில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பாடல்களின் பொருளைக் கடைசியில் சேர்த்தேன், பலர் கேட்டார்கள். ஏஐ எழுதிய பொருளுரையைச் சரிபார்த்துக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் கை நின்றது. 'செவ்வேள்' என்ற சொல்லுக்கு 'சிவந்த வேல்' என்று எழுதியிருந்தது. செவ்வேள் முருகனின் பெயர். வேள் வேறு, வேல் வேறு. தகர அலமாரியில் இருக்கும் பிரெஞ்சு எழுத்துப் புத்தகமும் இரண்டையும் ஒரே மாதிரிதான் அச்சிட்டிருக்கிறது. பொருளுரை முழுவதையும் நான் ஒருமுறை, பாட்டி கேட்க ஒருமுறை உரக்கப் படித்து முடித்த பிறகே ஏற்றினோம். பாட்டி இரண்டு இடத்தில் தலையாட்டவில்லை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன்.

கணக்கு வேண்டுபவர்களுக்கு: முதல் பத்து நிமிடப் பாடத்தைச் செய்ய எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. பன்னிரண்டாம் வாரத்தில் அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அந்த ஒன்றரையில் பெரும்பகுதி சரிபார்ப்பு. முப்பது பேரில் பத்தொன்பது பேர் கடைசிப் பாடம் வரை வந்தார்கள். விட்டுப்போனவர்களில் பாதிப் பேர் டிசம்பர் விடுமுறையில் நழுவியவர்கள். அடுத்த முறை அந்த இரண்டு வாரம் பாடம் வைக்கப்போவதில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தைய மாலை, பத்துப் பாடல்களையும் தமிழில் அச்சடித்த தாள்களைக் கோவிலில் பங்கிட்டோம். தாளின் மேல் மூலையில் அவரவர் பெயரை எழுத இடம் விட்டிருந்தேன். பைனியாண்டி குடும்பத்துக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "மிஸ், எதை எழுத?" என்றார். உங்கள் விருப்பம் என்றேன். மேலே 'பழனியாண்டி' என்று எழுதினார். ழகரத்தின் சுழியை இரண்டு முறை திருத்தினார். பிறகு அதற்குக் கீழே, சற்றுச் சின்னதாக, 'பைனியாண்டி' என்றும் எழுதிக்கொண்டார்.